பழைய பனி டயர், புது ரிம், வேறு வண்டி

வண்டியை விற்றுவிட்டோம். அதன் பனி டயர்கள் நான்கையும் வைத்துக்கொண்டோம்.

டில்லியில் டீசல் கார் வைத்திருந்தவர்களுக்கு ஏன் விற்றோம் என்று சொல்லத் தேவையில்லை. சென்னையிலும் கோவையிலும் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பத்து வயதைக் கடந்த டீசல் வண்டி தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றமும் 2018-இல் அதை உறுதி செய்தது. எங்கள் ஃபோர்டு ஈகோஸ்போர்ட் பதிவானது 2015-இல். போதாக்குறைக்கு, குளிர்காலத்தில் காற்று கெட்டு மூன்றாம் நிலைக் கட்டுப்பாடு வந்துவிட்டால், பி.எஸ்.-4 புகைத் தரத்து டீசல் கார்கள் பத்து வயது ஆகாவிட்டாலும் ஊருக்குள் ஓடக்கூடாது. எங்களுக்கு வண்டி மிகவும் தேவைப்படுவதே அந்த மாதங்களில்தான். 2025 தொடக்கத்தில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி வெளிமாநிலத்துக்காரர் ஒருவரிடம் கொடுத்தோம். அந்த ஆகஸ்டில், இப்படிப்பட்ட வண்டிக்காரர்கள் மேல் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குள் வண்டி போயிருந்தது.

அந்த வண்டி மறைமலைநகரில் செய்தது. டில்லியில் பிறந்து வளர்ந்த எங்களுக்குச் செங்கல்பட்டுப் பக்கம் யாரும் உறவில்லை. ஆனாலும் அப்பா அதை "நம்ம ஊர் வண்டி" என்றுதான் சொல்லுவார். 2022-இல் அந்த ஆலையில் உற்பத்தி நின்றபோது அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். பதிலுக்கு வந்தது ஃபோக்ஸ்வாகன் டைகுன், பெட்ரோல், புணே பக்கம் சாக்கனில் செய்தது. ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஸ்டோர் ரூமில் பழைய வண்டியின் பனி டயர்கள் காத்திருந்தன.

டில்லிக்காரிக்கு எதற்குப் பனி டயர் என்று கேட்பீர்கள். என் தங்கை இமாச்சலத்தின் லாகூலில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாப்பிள்ளை அந்த மண்ணின் மனிதர். வீடு சிஸ்ஸுவுக்கு அப்பால், சந்திரா ஆற்றங்கரையில். முன்பெல்லாம் ரோதாங் கணவாய் பனியில் மூடிவிட்டால் வசந்தம்வரை அவள் குரல்தான் எங்களுக்கு. 2020 அக்டோபர் 3 அன்று அடல் சுரங்கம் திறந்தது. ஒன்பது கிலோமீட்டர் நீளம், மூவாயிரம் மீட்டருக்கு மேலே. அதன் பிறகு ஜனவரியில் ஹல்டா பண்டிகைக்கு, பிப்ரவரியில் ஃபாக்லி பண்டிகைக்கு என்று குளிர்காலத்திலேயே போக ஆரம்பித்தோம். தங்கைக்குக் குழந்தை பிறந்த வருஷம் அம்மாவை அங்கே கொண்டுபோய் விட்டது நாங்கள் மூன்று பேரும் வாழ்க்கையில் மறக்காத பயணம். சுரங்கத்தின் வடக்கு வாயைத் தாண்டினதும் சாலையில் கிடப்பது மழைநீரா கண்ணாடிப் பனியா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. டயர் கண்டுபிடித்துவிடும்.

சாதாரண டயரின் ரப்பர் வெயிலுக்கென்று செய்தது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் அது விறைக்கத் தொடங்கும். விறைத்த ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பதியாது. பதியாவிட்டால் பிடிப்பு இல்லை. பனி டயரில் சிலிகா அதிகம் சேர்த்த கலவை இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழேயும் அது இளகி நிற்கும். தரையைத் தொடும் அதன் ரப்பர் கட்டைகளில் பிளேடால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் உண்டு. சக்கரம் உருளும்போது அவை விரிந்து பனியைக் கவ்விக்கொள்ளும். பனியைப் பனிதான் நன்றாகப் பிடிக்கும் என்பதால் வெட்டுக்குள் சிக்கிய பனியே வேலை செய்கிறது. பின்லாந்துக்காரர்கள் 1934-இலேயே லாரிக்கென்று ஒரு பனி டயரைச் செய்துவிட்டார்கள். நோக்கியா ஊர் ரப்பர் ஆலையின் வேலை அது. இரண்டு வருஷத்தில் காருக்கும் வந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் இல்லாமல் கார் ஓட்டுவது சட்டப்படி குற்றம். ஜெர்மனியில் சாலை பனியாக இருந்தால் கட்டாயம்.

பக்கச்சுவரில் எம்+எஸ் (சேறு, பனி) என்று எழுதியிருந்தாலே பனி டயர் என்று நம்ப வேண்டாம். அது தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்வது. மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ, இந்த முத்திரைதான் பனியில் ஓட்டிச் சோதித்ததற்கு அடையாளம். கடைக்காரர் என்ன சொன்னாலும் குனிந்து அந்த முத்திரையைத் தேடுங்கள்.

நம் நாட்டில் இந்த டயர் எளிதில் கிடைப்பதில்லை. 2020 ஜூனில் டயர் இறக்குமதியை அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. உரிமம் இல்லாமல் வெளிநாட்டு டயர் வராது. மாப்பிள்ளை ஸ்ரீநகரில் தெரிந்தவர் மூலம் சொல்லிவைத்து வாங்கித் தந்தவை எங்களுடையவை. அளவு 205/60 ஆர்16: அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம். பழைய வண்டிக்கென்று தனியாக வாங்கிய இரும்பு ரிம்மில் மாட்டியிருந்தோம். அந்த ரிம்கள் ஈகோஸ்போர்ட்டோடு போய்விட்டன. வாங்கியவர் கேட்டார், கொடுத்தோம். அவை வேறெந்த வண்டிக்கும் எங்களுக்கு உதவாது.

டயருக்கு வண்டி எது என்று தெரியாது. அகலம், உயரம், ரிம்மின் விட்டம், சுமை எண், வேக எழுத்து, இவை ஒத்துப்போனால் எந்த வண்டியிலும் உருளும். ரிம் அப்படியில்லை. அது ஒரு வண்டிக்கென்றே பிறந்தது. பழைய டயரை வேறு வண்டிக்கு மாற்ற நினைக்கும் யாரும் முதலில் இந்த இரண்டையும் மனசில் பிரித்துக்கொள்ள வேண்டும். கடைகளில் நடக்கும் குழப்பம் முழுவதும் இவற்றைக் கலப்பதால் வருகிறது.

டயரின் கணக்கை முதலில் பார்த்தேன். டைகுனில் எங்களுக்கு வந்தது 205/55 ஆர்17. 17 அங்குலம் என்றால் 431.8 மில்லிமீட்டர், மேலும் கீழும் பக்கச்சுவர் 112.75 வீதம் சேர்த்தால் மொத்த உயரம் 657.3. பனி டயருக்கு 406.4-உடன் 123 வீதம் இரண்டு சேர்த்தால் 652.4. வித்தியாசம் முக்கால் சதவீதம். மீட்டரில் நூறு காட்டும்போது வண்டி 99 சொச்சத்தில் போகும், ஏ.பி.எஸ்.-க்கோ கியருக்கோ இதனால் எந்தச் சங்கடமும் இல்லை. இன்னொரு நல்லது, ரிம் ஓர் அங்குலம் சிறியதாக, பக்கச்சுவர் ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருக்கும். மண்டிக்கு மேலே சாலை வெட்டுகிற இடங்களில் அந்த ஒரு சென்டிமீட்டர் ரப்பர் ரிம்மைக் காப்பாற்றும். சுமை எண் 96, அதாவது டயருக்கு 710 கிலோ. கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ள டயரின் எண்ணையும், வண்டியின் அச்சுச்சுமையையும் பார்த்தேன். தேவைக்கு மேலேயே இருந்தது. உங்கள் டயரின் எண் வண்டி கேட்பதைவிட ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

இனி ரிம். ஈகோஸ்போர்ட்டின் ரிம்மில் நாலு துளை, 108 மில்லிமீட்டர் வட்டத்தில். டைகுனில் ஐந்து துளை, 100 மில்லிமீட்டர் வட்டத்தில். இந்த வட்டத்தின் விட்டத்தைத்தான் கடையில் பி.சி.டி. என்பார்கள். நாலு துளை என்றால் எதிரெதிர் துளைகளை அளந்தால் போதும். ஐந்து துளைக்கு எதிர்த்துளை கிடையாது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் நடுப்புள்ளிகளை அளந்து 1.7-ஆல் பெருக்குங்கள். 58.8 வந்தால் 100; 63.5 வந்தால் 108, 67.2 வந்தால் 114.3. இவை நெருங்கிய அளவுகள். கண்ணால் பார்த்து "சேரும்" என்று சொல்வது ஆபத்து. இழுத்துப் பிடித்து மாட்டினால் போல்ட் சாய்வாக உட்காரும். சாய்ந்த போல்ட் பிடித்த மாதிரி இருக்கும். ஓட ஓடத் தளரும்.

இரண்டாவது, ரிம்மின் நடுத்துளை. டைகுனின் ஹப், அதாவது சக்கரம் மாட்டும் அச்சுமுனை, 57.1 மில்லிமீட்டர், ஃபோர்டுடையது 63.4. இந்தத் துளை ஹப்பின் வளையத்தில் இறுக்கமாக உட்கார்ந்தால்தான் சக்கரம் மையத்தில் நிற்கும். கடைகளில் விற்கும் பல அலாய் ரிம்களுக்கு நடுத்துளையை 70-க்கு மேலே பெரிதாக வைத்துவிடுகிறார்கள், எல்லா வண்டிக்கும் ஓடட்டும் என்று. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். கேட்டால்தான் கொடுப்பார்கள், சில சமயம் கேட்டாலும் இருக்காது. வளையம் இல்லாவிட்டால் 80, 90 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் செய்து செய்து பணம் போகுமே தவிர நடுக்கம் போகாது.

மூன்றாவது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பது. எண் குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தும், பேரிங்குக்கு வேலை கூடும். எண் கூடினால் உள்ளே போய் சஸ்பென்ஷனை உரசப் பார்க்கும். பனிச் சங்கிலி கட்டுகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டயருக்கும் உள்பக்க ஸ்ட்ரட்டுக்கும் நடுவே சங்கிலி ஓட இடம் வேண்டுமே.

இவ்வளவையும் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை டிக்கியின் அடித்தட்டைத் தூக்கினேன். எனக்கு வேண்டிய பதில் அங்கே கிடந்தது. பெரிய ரிம் உள்ள டைகுனுக்கும் ஸ்டெப்னியாகக் கம்பெனி கொடுப்பது 16 அங்குல இரும்பு ரிம். அதில் 205/60 ஆர்16 டயர். ஸ்டெப்னி என்றால் நாலு மூலையில் எதில் பஞ்சரானாலும் அங்கே மாட்டியாக வேண்டும். அப்படியானால் முன்பிரேக்கின் காலிப்பரில் இடிக்காது, ஆஃப்செட் சரி, நடுத்துளை சரி, வண்டியின் சொந்த போல்ட்டே போதும். எனக்கு வேண்டிய ரிம்மின் மாதிரியைக் கம்பெனியே டிக்கியில் வைத்து அனுப்பியிருக்கிறது! கழற்றித் திருப்பினேன். ரிம்மில் அடித்திருந்த எண்கள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டேன். வேறு வண்டிக்குப் பழைய டயர் மாற்ற நினைப்பவர்கள் இணையத்தில் தேடுவதற்கு முன் தங்கள் ஸ்டெப்னியைப் பாருங்கள். எல்லா வண்டியிலும் இப்படி அமையாது. சிலவற்றில் ஒல்லியான தற்காலிகச் சக்கரம்தான் இருக்கும். அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

கரோல் பாகில் நாயிவாலா தெருவுக்குப் போனோம். அப்பா காலத்தில் அந்தப் பேட்டை முழுக்கத் தமிழ்க் குரல் கேட்கும். செக்ரடேரியட் உத்தியோகஸ்தர்கள், மெஸ், பூக்கடை, டி.டி.ஈ.ஏ. (டில்லித் தமிழ்க் கல்விக் கழகம்) பள்ளிப் பிள்ளைகள். இப்போது காருக்கு வேண்டிய சீட் கவரும் விளக்கும் ரிம்மும்தான் அந்தத் தெரு. ஒரு கடையில் 5×108 அலாய் நாலு இருந்தது, அழகானது, விலையும் குறைவு. "அடாப்டர் போட்டுக் கொடுத்துடறேன் மேடம்" என்றார். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே இன்னொரு தட்டு. சக்கரம் அத்தனை தூரம் வெளியே வரும்; இறுக்க வேண்டிய இடம் ஒன்றுக்கு இரண்டாகும். மலைச்சாலையில் அம்மாவை வைத்து ஓட்டும் வண்டிக்கு அது வேண்டாம் என்று நன்றி சொல்லிவிட்டு வந்தோம். இன்னொரு கடையில் பி.சி.டி. சரி, நடுத்துளை 73. வளையம் இல்லை. "டில்லி பூரா இப்படித்தான் ஓடுது." ஓடுகிறது என்பது உண்மைதான், அதற்காகச் சரியாகிவிடாது. விற்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. தெருவில் ஒரு வண்டியைத் தரையோடு பிடித்திருப்பது நாலு உள்ளங்கை அளவு ரப்பரும் சில போல்ட்டுகளும்தான். அங்கே "ஓடும்" என்ற சொல்லை யாரும் சுலபமாகச் சொல்லக்கூடாது.

கடைசியில் கிடைத்தது அந்தத் தெருவின் இன்னொரு வழக்கத்தால். கீழ் மாடல் வாங்கிய பலர் முதல் வாரமே இரும்பு ரிம்மைக் கழற்றிப்போட்டு அலாய் மாட்டிக்கொள்கிறார்கள். தரையே பார்க்காத இரும்பு ரிம்கள் கடையின் மாடியில் அடுக்கிக் கிடக்கும். டைகுன், குஷாக், விர்டஸ், ஸ்லாவியா நாலும் ஒரே அடித்தளத்தில் செய்தவை என்பதால் தேட இடம் அதிகம். படத்தில் இருந்த எண்ணையும் ரிம்மில் அடித்திருந்த எண்ணையும் நானும் எங்க வீட்டுக்காரரும் ஒவ்வொன்றாகப் படித்து ஒப்பிட்டோம். நாலும் அச்சு அசல். வாங்கினோம்.

இரும்பா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. பள்ளத்தில் விழுந்தால் அலாய் விரிசல் விடலாம், இரும்பு நெளியும். நெளிந்ததை மணாலியில் ஒரு பட்டறையில் தட்டிச் சரிசெய்து பயணத்தை முடிக்கலாம். பனிக்கு நான் இரும்பைத்தான் சொல்வேன்.

டயரை ரிம்மில் ஏற்றும் வேலைக்கு ஜங்புரா அண்ணனிடம்தான் போவேன் என்று முன்பே முடிவு. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். சின்னப் பிள்ளையாக டில்லிக்கு வந்து, போகல் பக்கம் டயர் வேலையிலேயே தலை நரைத்தவர். தமிழர்கள் குடியிருந்த ஜங்புராவின் மதராஸி கேம்ப் குடிசைப் பகுதியை 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கு நரேலாவில் வீடு, நகரின் மறுகோடி. அவருக்கு வந்தது, அவர் தம்பிக்கு வரவில்லை. அதிகாலையில் கிளம்பி மூன்று வண்டி மாறி இன்னும் அதே வேலைக்கு வருகிறார். பிள்ளைகள் படித்த பள்ளியும் இந்தப் பக்கம்தான். இதை எழுதாமல் அந்தக் கடையைப் பற்றி என்னால் எழுத முடியாது.

"டயரு எந்த வருஷத்துதும்மா?" என்பதுதான் அவர் முதல் கேள்வி.

"பாருங்கண்ணே, முப்பத்திரண்டு, இருபத்திரண்டு."

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கம் அது. 3222 என்றால் 2022-இன் 32-ஆவது வாரத்தில் செய்தது. தலையாட்டினார். டயரை மடியில் சாய்த்துக் கட்டைகளின் அடியில் நகத்தால் விரித்து விரித்துப் பார்த்தார். வெடிப்பு இல்லை. உள்பக்கம் கையை விட்டு முழுச்சுற்றும் தடவினார். பஞ்சர் ஒட்டு இல்லை, கம்பி தட்டவில்லை. நான் ஆழமானியை எடுத்தேன்: எல்லா இடத்திலும் ஆறு மில்லிமீட்டருக்கு மேலே. சட்டம் 1.6 வரை விட்டாலும் பனிக்கு நாலுக்குக் கீழே போனால் பயன் இல்லை என்பது ஐரோப்பாவில் சொல்லும் கணக்கு. வெட்டுகள் ஆழம் குறைந்தபின் பனியைக் கவ்வ முடியாது.

"எங்க வெச்சிருந்தீங்க?"

"கீழ் வீட்டு ஸ்டோர்லண்ணே. வெயில் படாது."

"மாடியில வெச்சிருந்தா மே மாசத்துலயே போயிருக்கும். இது சாஃப்ட் ரப்பரு." ரிம் இல்லாத டயரை நிறுத்தி வைத்து அவ்வப்போது திருப்பிவிட வேண்டும், ரிம்மோடு இருந்தால் படுக்கவைத்து அடுக்கலாம், மோட்டார் ஓடுகிற இடத்தில் வைக்கக்கூடாது, அதிலிருந்து வரும் ஓசோன் ரப்பரைத் தின்னும். இதையெல்லாம் முதலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே.

முதலில் ஒரே ஒரு வெறும் ரிம்மை முன் ஹப்பில் மாட்டச் சொன்னேன், டயர் இல்லாமல். நாலு டயரையும் ஏற்றியபின் இடிக்கிறது என்று தெரிந்தால் எல்லாம் வீண். கையால் சுற்றினார், காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே அவர் விரல் போனது. அப்புறம்தான் டயர்.

பழைய டயரின் உதட்டில் முந்தின ரிம்மின் துருத்தூள் ஒட்டியிருக்கும். அதைத் துடைக்காமல் ஏற்றினால் காற்று மெல்லக் கசியும். அவர் ஈரத்துணியால் துடைத்து, சோப்பு நீர் தடவி ஏற்றினார். வால்வு புதுசு. எங்கள் டயர் திசை உள்ளது. பக்கச்சுவரில் அம்புக்குறி இருக்கிறது. இரண்டு இடப்பக்கத்துக்கு, இரண்டு வலப்பக்கத்துக்கு. அம்பு எதிர்ப்பக்கம் பார்த்தால் நடுவாய்க்கால்கள் சேற்றையும் தண்ணீரையும் வெளியே தள்ள மாட்டா. ஏற்றும் முன்பே சாக்பீசால் "இடது", "வலது" என்று தமிழில் எழுதினார். அவர் முதலாளிக்கு அது படிக்கத் தெரியாது. எனக்கும் அவருக்கும் போதும்.

பேலன்சிங் முடிந்து வண்டியில் மாட்டும் கட்டம்தான் நான் பக்கத்தை விட்டு நகராத கட்டம். ஈகோஸ்போர்ட்டில் ஹப்பிலிருந்து ஸ்டட், அதாவது மரை போட்ட கம்பி, நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தைத் தொங்கவிட்டு நட் போடலாம். டைகுனில் ஸ்டட் இல்லை, போல்ட். சக்கரத்தைக் கையால் தூக்கிப் பிடித்துத் துளையைப் பார்த்துப் போட வேண்டும். எம்14, 1.5 பிட்ச் அளவில் தலையில்லாத ஒரு நீளக் கம்பி வாங்கி வைத்துக்கொண்டால் அதை ஒரு துளையில் திருகி, சக்கரத்தை மாட்டிவிட்டு, மற்ற போல்ட்டுகளைப் போட்டபின் கழற்றிவிடலாம். இருட்டில், பனியில், ஒற்றை ஆளாக ஸ்டெப்னி மாற்ற நேர்ந்தால் அதன் அருமை தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, இந்தக் கட்டுரையில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஃபோக்ஸ்வாகனின் போல்ட் தலைக்கு அடியில் உருண்டையாக இருக்கும். வெளியே விற்கும் பெரும்பாலான அலாய் ரிம்களின் துளை கூம்பாக இருக்கும். உருண்டை கூம்பில் உட்கார்ந்தால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொடும். இறுகியதாகக் கைக்குத் தோன்றும், ஆனால் நிற்காது. எந்த ரிம்மோ அதற்குரிய போல்ட். கம்பெனி இரும்பு ரிம்முக்கு வண்டியோடு வந்த போல்ட்டே பொருந்துகிறது, ஸ்டெப்னிக்கும் அதுதானே.

ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். போல்ட் மரையில் கிரீஸ் போடவில்லை. கம்பெனி சொல்லும் இறுக்கம் காய்ந்த மரைக்கு. எண்ணெய் இருந்தால் அதே அளவில் போல்ட் கூடுதலாக இழுபட்டுவிடும். முதலில் கையால், நட்சத்திர வரிசையில். பிறகு வண்டியை இறக்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் 120 நியூட்டன் மீட்டர். காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று இறுக்கும் கடைகளில் எத்தனை போகிறது என்று அவர்களுக்கே தெரியாது. அண்ணனின் கடையில் டார்க் ரெஞ்ச் கிடையாது, எங்களுடையதைக் கொண்டுபோனோம். 'கிளிக்' என்று கேட்டதும் நிறுத்திவிட்டு, "இது ஒண்ணு நானும் வாங்கிடணும்மா" என்றார்.

டயர் காற்றைக் கண்காணிக்கும் வசதி எங்கள் வண்டியில் ஏ.பி.எஸ். சென்சார் வழியாக வேலை செய்கிறது. டயருக்குள் தனிக் கருவி இல்லை, மாற்றிப் போடும் செலவும் இல்லை. திரையில் போய்ப் புது அளவைச் சேமித்தால் போதும்.

நாலு டயரும் போட வேண்டுமா, முன்சக்கரம்தானே இழுக்கிறது, இரண்டு போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. முன்னால் பிடிப்பும் பின்னால் வழுக்கலும் இருந்தால், இறக்கத்தில் வளைவில் பிரேக்கைத் தொட்டதும் வண்டியின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். கீழே சந்திரா ஓடுகிற இடத்தில் அதை யோசித்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

டிசம்பர் கடைசியில் கிளம்பினோம். முர்தலில் பராட்டாவுக்கு நிறுத்தியபோது போல்ட்டுகளை மறுபடி சோதித்தோம். புது ரிம் போட்டால் முதல் 50, 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். வண்ணப்பூச்சு நசுங்கி உட்காரும்போது பிடி தளரலாம். எதுவும் நகரவில்லை. பிலாஸ்பூர்வரை சாலை காய்ந்து கிடந்தது. 7 டிகிரிக்கு மேலே இந்த டயரில் வேகமாகப் போவது சரியல்ல. மென்மையான ரப்பர் வெப்பத்தில் சீக்கிரம் தேயும், பிரேக் தூரமும் கூடும். எண்பதைத் தாண்டவில்லை. இதனால்தான் வருஷம் முழுக்க இதையே ஓட்டலாமே என்பவர்களுக்கு நான் வேண்டாம் என்கிறேன். டில்லி மே மாதத்துத் தாரில் ஒரே கோடையில் இவை முடிந்துவிடும்.

காற்றழுத்தம் பற்றி எங்க வீட்டுக்காரர் கவலைப்பட்டார். குளிர்ந்தால் டயரில் அழுத்தம் குறையும்; டில்லியில் 15 டிகிரியில் 33 பாயின்ட் (பி.எஸ்.ஐ.) வைத்தால், மைனஸ் 10-இல் கிட்டத்தட்ட நாலு பாயின்ட் இறங்கும். அதனால் கூட்டி அடிக்கலாமா என்றார். மலையேறுவதை இந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. மூவாயிரம் மீட்டரில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7-இலிருந்து பத்துக்குச் சற்று மேலே குறைந்துவிடும். மானி காட்டுவது உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்; ஆகவே அங்கே அது நாலு பாயின்ட்டுக்கு மேல் கூடக் காட்டும். குளிர் குறைத்ததை உயரம் ஈடுகட்டிவிடும். சிஸ்ஸுவில் காலையில் வண்டி எடுக்கும் முன் அளந்தோம். மானி 33-ஐ ஒட்டியே நின்றது. அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும், பள்ளிக்கூடத்து இயற்பியல் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

மணாலி தாண்டி, பல்சானுக்கு மேலே போலீஸ் நிறுத்தினார்கள். பனி விழுந்த நாட்களில் ஃபோர்-பை-ஃபோர் வண்டிகளையோ சங்கிலி கட்டியவற்றையோ மட்டும் விடுவார்கள். முத்திரையைக் காட்டிப் பேசிப் பார்க்க நான் முயலவில்லை. அவர்கள் கேட்பது நியாயம், சங்கிலி கையில் இருந்தது, முன்சக்கரங்களில் கட்டினோம். பனி டயர் இருப்பதால் சங்கிலி வேண்டாம் என்று யாரும் நினைக்கக்கூடாது. இறுகிய பனிக்கட்டியில் சங்கிலிக்கு ஈடான டயர் கிடையாது. சுரங்கத்துக்கு முன் கழற்றிவிட்டோம். வடக்குப் பக்கம் சாலை நன்றாக வழித்திருந்தது. வளைவுகளில் மட்டும் பளபளப்பு. இரண்டாம் கியரில், பிரேக்கை ஏறக்குறைய தொடாமல், வண்டி சொன்ன பக்கம் திரும்பிக்கொண்டு போனது.

மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் எங்களைக் கேட்பதற்கு முன் குனிந்து ரிம்மைப் பார்த்தார். "தீதி, ஐந்து போல்ட்! ஃபோர்டில் நாலுதானே?" அவருக்கும் ஒரு வண்டி மாற்றும் யோசனை இருக்கிறது. ராத்திரி தந்தூர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அவர் டயரின் எண்ணையும் வாங்க நினைக்கும் வண்டியின் எண்களையும் ஒரு நோட்டில் எழுதினோம். அவருடைய டயர் 215/60 ஆர்16, சேரும். ரிம் 5×114.3 தேட வேண்டும், நடுத்துளை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதே 114.3 வட்டத்தில் மாருதிக்கு 60.1, ஹூண்டாய்க்கு 67.1. ஒன்றின் ரிம்மை மற்றதில் மாட்டிவிட்டு "உட்கார்ந்துவிட்டதே" என்று சந்தோஷப்படும் இடம் இதுதான் என்று சொன்னேன்.

ஃபாக்லி முடிந்து மார்ச்சில் கழற்றி, ஆழத்தை அளந்து, தேதியோடு அதே நோட்டில் எழுதி வைப்பேன். முன்னால் ஓடியவற்றை அடுத்த குளிருக்குப் பின்னால் போட வேண்டும், பக்கம் மாறாமல். இடது இடதாகவே, வலது வலதாகவே.